மலையேறும் பதினேழு வயது

நேபாளத்து மலைக் கிராமங்களில் பள்ளி மணி காலை பத்துக்குத்தான் அடிக்கும். அதற்கு முன்பே பிள்ளைகளுக்குப் பாதி நாள் வேலை முடிந்திருக்கும். எருமைக்குப் புல் அறுக்க வேண்டும். அதை மூங்கில் கூடையில் அடைத்து, கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டி, முதுகில் சுமந்தபடி மேடேற வேண்டும். குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வர வேண்டும். ஒன்பது மணி வாக்கில் பருப்பும் சோறும் வயிறு நிறையச் சாப்பிட்டு, சீருடை மாட்டிக்கொண்டு கிளம்பினால், ஒரு மணி நேரம் நடை. சிலருக்கு அதற்கும் மேல்.

அந்த நடை முடிந்து பள்ளி வாசலுக்கு வரும்போது, சில நாட்களில் அங்கே ஒரு புது முகம் நிற்கும். மெல்போர்னிலிருந்தோ லண்டனிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை. போன வாரம் வரை தன் ஊரில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாணவன். இன்று காலை அவன் வகுப்புக்குள் நுழைந்ததும் நாற்பது பிள்ளைகள் எழுந்து நின்று ‘குட் மார்னிங் சார்’ என்கிறார்கள். கையில் சுண்ணாம்புக்கட்டி இருக்கிறது. என்ன சொல்லிக்கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

வெளிநாட்டு மலைப் பள்ளிகளில் தொண்டு செய்யப் போகும் பதின்வயதினருக்கு இன்று குறைவில்லை. ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் பள்ளி முடித்து, கல்லூரி சேரும் முன் ஓராண்டு வெளியே சுற்றிவரும் வழக்கம் பழையது. சிங்கப்பூரில் இளைஞர்களை இப்படி அண்டை நாடுகளுக்கு அனுப்பவென்றே 2000-ல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளும் இத்தகைய பயணங்களில் போகிறார்கள். சர்வதேச பேக்கலாரியேட் பாடத்திட்டத்தில் பட்டயம் வாங்க வேண்டுமானால் சேவைப் பணியும் கட்டாயம். அந்தப் பாடத்திட்டம் இப்போது நம் ஊர்ப் பள்ளிகளிலும் இருக்கிறது. ஆகவே, ‘அந்தக் கிராமத்துக்கு நம் பிள்ளையை அனுப்பலாமா?’ என்பது இந்த இதழைப் படிக்கும் சில பெற்றோருக்காவது வீட்டுக் கேள்வி.

அனுப்பலாம் என்பதுதான் என் பதில். ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்தக் கிராமம் கூப்பிட்டதா?

கும்ஜுங் கேட்டது

எவரெஸ்ட் உச்சியைத் தொட்டு ஏழு ஆண்டுகள் கழித்து, 1960-ல், எட்மண்ட் ஹிலாரி மீண்டும் இமயத்துக்குப் போனார். அந்தப் பயணத்தில் ஒரு நாள், உடன் வந்த ஷெர்ப்பாக்களின் தலைவர் ஊர்க்கியெனிடம், உங்கள் மக்களுக்கு எதையாவது செய்வதென்றால் எது வேண்டும் என்று விசாரித்தார். பள்ளிக்கூடம் வேண்டும் என்றார் ஊர்க்கியென். எங்கள் பிள்ளைகளுக்குக் கண் இருக்கிறது, பார்வைதான் இல்லை என்பது ஷெர்ப்பாப் பெரியவர்கள் அன்று சொன்ன உவமை. திருக்குறளின் கல்வி அதிகாரம் படித்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1961-ல் கும்ஜுங் கிராமத்தில் பள்ளி எழுந்தது. கடல் மட்டத்திலிருந்து 3,790 மீட்டர் உயரம். அலுமினியத் தகடுகளால் ஆன சின்னக் கட்டடம். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஹிலாரியோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த வரி. அந்தப் பள்ளியின் முதல் ஆசிரியர் நியூசிலாந்திலிருந்து வரவில்லை. அவர் டார்ஜிலிங்கிலிருந்து அழைத்துவரப்பட்ட டெம் டோர்ஜே என்ற ஷெர்ப்பா. பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழியில் பேசக்கூடியவர். மலைக்கு வெளியேயும் படித்தவர். வெளியூர்க்காரர்கள் கூரை போட்டார்கள், பணம் திரட்டினார்கள். கரும்பலகைக்கு முன்னால் நின்றது அந்த மக்களில் ஒருவர்.

விளைந்தது என்ன என்று பாருங்கள். அங்கே படித்த மிங்மா நோர்பு ஷெர்ப்பா, எவரெஸ்ட் அமைந்திருக்கும் சாகர்மாதா தேசியப் பூங்காவின் முதல் ஷெர்ப்பாக் காப்பாளரானார். இன்னொரு மாணவர் காமி டெம்பா. பக்கத்துக் கிராமமான குந்தேயில் ஹிலாரி கட்டிய மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்து, பிறகு ஃபிஜித் தீவுக்குப் போய் மருத்துவம் படித்துத் திரும்பி, அதே மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவரானார். வெளிநாட்டு மருத்துவர்கள் மாறி மாறி வந்துகொண்டிருந்த இடத்தில் உள்ளூர்ப் பிள்ளை வந்து அமர்ந்தார்.

நாங்கியின் மரப்பெட்டிக் கணினிகள்

மேற்கு நேபாளத்தில் மியாக்தி மாவட்டம். அங்கே இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஒரு மகர் இனக் கிராமம், பெயர் நாங்கி. இந்தக் கட்டுரைக்காக நான் தேர்ந்தெடுத்த இடங்களில் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

அங்கே பிறந்த மகாபீர் புன் சிறுவனாக இருந்தபோது ஊரில் காகிதம் இல்லை, பென்சில் இல்லை. மரப்பலகையில் கரி பூசி, அதன் மேல் வெள்ளைக் கல்லால் எழுதிப் பழகினார். மகனைப் படிக்கவைக்க அவர் தந்தை குடும்பத்தோடு மலையிறங்கிச் சமவெளிக்குக் குடிபெயர்ந்தார். மகாபீர் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்து தம்பி தங்கைகளைப் படிக்கவைத்தார். பிறகு உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கேயே தங்கிவிடலாம் என்று எத்தனையோ பேர் நினைக்கும் கட்டத்தில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊருக்குத் திரும்பினார். ஊர்க்காரர்கள் எழுப்பிக்கொண்டிருந்த ஹிமாஞ்சல் உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தத் தொடங்கினார்.

1997-ல் அந்தப் பள்ளிக்கு நான்கு பழைய கணினிகள் வந்தன. அனுப்பியது ஆஸ்திரேலியாவில் ஒரு பள்ளி. மோட்டார் சாலைக்கே மணிக்கணக்கில் நடக்க வேண்டிய ஊர் அது, மின்சாரம் கிடையாது. கிராமத்து ஓடையில் சிறு நீர்மின் பொறி வைத்துக் கணினிகளை ஓடவிட்டார்கள். அவற்றுக்குப் பிறகு வந்த பழைய பாகங்களைப் பூட்டிப் புதுக் கணினிகள் செய்தபோது, வெளிப்பெட்டிக்கு ஊர்த் தச்சு வேலைதான் கைகொடுத்தது. மரப்பெட்டிக்குள் கணினி! கும்ஜுங்கில் அலுமினியப் பள்ளிக்கூடம் எப்படியோ, நாங்கியில் மரப்பெட்டிக் கணினி அப்படி.

கணினி வந்தபின் இணையம் வேண்டுமே. தொலைபேசிக் கம்பி அந்த மலைக்கு ஏறவில்லை. மகாபீர் 2001-ல் பிபிசிக்கு எழுதினார். எங்கள் ஊருக்குக் கம்பியில்லாமல் இணையம் கொண்டுவர யாருக்காவது வழி தெரியுமா என்று கேட்டார். செய்தி வெளியானது. பல நாடுகளிலிருந்து யோசனைகள் வந்தன; பெல்ஜியத்திலிருந்தும் பின்லாந்திலிருந்தும் இளைஞர்கள் நேரிலேயே வந்தார்கள். அப்போது நாட்டில் மாவோயிஸ்ட் போர். கம்பியில்லாக் கருவிகளுக்கு அனுமதி கிடைப்பது கடினம் என்பதால், வந்தவர்களின் பைகளுக்குள் ஒளிந்துதான் கருவிகள் மலையேறின. தொலைக்காட்சித் தட்டுகளைக் கொண்டு ஆன்டெனா செய்தார்கள். மலை முகட்டில் மரத்தின் உச்சியில் கட்டி அலையை அடுத்த மலைக்குக் கடத்தினார்கள். 2003-க்குள் நாங்கி பொக்காரா நகரத்தோடு இணைந்தது. 2007-ல் மகாபீருக்கு மகசேசே விருது. 2025 செப்டம்பரில் நேபாளத்தின் இடைக்கால அரசில் அவர் கல்வி அமைச்சராகப் பொறுப்பேற்றார். பலகையில் கரி பூசி எழுதிய பிள்ளை!

இந்தக் கதையில் வெளிநாட்டு இளைஞர்களுக்கு நல்ல பங்கு உண்டு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவிலிருந்து அந்த நான்கு கணினிகள் வந்திராவிட்டால் இது இந்த வழியில் நடந்திருக்காது. ஆனால் அவர்கள் வந்தபோது அங்கே ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. என்ன வேண்டும் என்பதை ஊர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. வந்தவர்கள் அதில் ஒரு கை கொடுத்தார்கள். அவர்கள் விமானம் ஏறிய மறுநாளும் வேலை நிற்கவில்லை.

யாரும் கேட்காத உதவி

எல்லாப் பயணமும் இப்படி முடிவதில்லை. அமெரிக்கப் பெண் பிப்பா பிடில் தன் பள்ளிக்காலத்தில் சக மாணவிகளோடு தான்சானியாவுக்குப் போனார். அங்கே நூலகம் கட்டும் வேலை. பகலெல்லாம் அந்த மாணவிகள் செங்கல் அடுக்கினார்கள். இரவானதும் உள்ளூர் ஆட்கள் வந்து, கோணலாக இருந்ததைப் பிரித்து, மறுபடி நேராகக் கட்டிவிட்டுப் போனார்கள். காலையில் எழுந்து வரும் பிள்ளைகளுக்கு எதுவும் தெரியக் கூடாது என்பதற்காக. பிடில் இதை 2014-ல் ஒரு கட்டுரையில் எழுதினார்; உலகம் முழுக்க அது பேசப்பட்டது. எனக்கு அதில் உறுத்துவது செங்கல் இல்லை, அந்த இரவு வேலை. விருந்தாளி மனம் நோகக் கூடாது என்று அந்த மனிதர்கள் தூக்கத்தையே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

கேட்காத உதவியின் இந்தச் சிக்கலை ஐம்பது வருடங்களுக்கு முன்பே முகத்துக்கு நேராகச் சொன்னவர் சமூகச் சிந்தனையாளர் இவான் இல்லிச். 1968-ல் மெக்சிகோ கிராமங்களுக்குக் கோடைக்காலத் தொண்டுக்குக் கிளம்பிய அமெரிக்க மாணவர்கள் முன்னால் நின்று, உங்கள் நல்லெண்ணம் போதாது, தயவுசெய்து திரும்பிப் போங்கள் என்ற பொருளில் பேசினார். மெக்சிகோவுக்குப் பயணியாக வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ வராதீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்தக் கடுமையை நான் முழுதாக ஏற்கவில்லை. நாங்கியைப் பார்த்தபின் ஏற்க முடியாது. ஆனாலும் மூட்டை கட்டும் எந்தப் பிள்ளையும் அந்த உரையை ஒருமுறை படித்துவிட்டுப் போவது நல்லது.

பிரிட்டனில் வெளிநாட்டுத் தொண்டுக்கு வழி திறந்த விஎஸ்ஓ அமைப்பின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1958-ல் அலெக் டிக்சன் அதைத் தொடங்கியபோது அனுப்பியது பள்ளி முடித்த பதினெட்டு வயதுப் பையன்களைத்தான். சில ஆண்டுகளிலேயே பட்டதாரிகளை அனுப்பத் தொடங்கினார்கள். பிறகு தொழிலில் தேர்ந்தவர்களை. 1962-ல் நேபாளத்துக்கு வந்த அமெரிக்காவின் பீஸ் கார்ப்ஸ் அமைப்போ, ஏறக்குறைய மூன்று மாதம் மொழிப் பயிற்சி கொடுத்த பிறகே ஒருவரை ஊருக்கு அனுப்புகிறது; அங்கே இரண்டு ஆண்டு இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு வரும் பதினாறு வயதுப் பிள்ளையிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம்?

மொழி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு தமாங் வீட்டு ஆறு வயதுக் குழந்தையை எண்ணிப் பாருங்கள். வீட்டில் பேசுவது தமாங். பள்ளிக்கு வந்ததும் நேபாளி மொழி, தேவநாகரி எழுத்து. இன்று பல சமுதாயப் பள்ளிகள் பெற்றோரின் ஆசைக்காக ஆங்கில வழிக்கு மாறுவதால் மூன்றாவதாக ஆங்கிலம். அந்தக் குழந்தைக்கு முன்னால் தமாங்கும் தெரியாத, நேபாளியும் தெரியாத ஒரு பிள்ளை நின்று மூன்றாவது மொழியில் பாடம் நடத்தினால் என்ன நடக்கும்? பாட்டு நடக்கும், விளையாட்டு நடக்கும், சிரிப்பு நடக்கும். பாடம் நடக்காது. அடுத்த மாதம் இன்னொரு பிள்ளை வந்து அதே பாட்டை முதலிலிருந்து தொடங்குவான். அரையாண்டுத் தேர்வில் குழந்தையிடம் யாரும் பாட்டு கேட்கப்போவதில்லை.

கட்டட வேலையும் அப்படித்தான். 2015 ஏப்ரல் 25-ம் தேதி நேபாளத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். பல்லாயிரம் வகுப்பறைகள் இடிந்தன. நிலம் அதிர்ந்தபோது மணி 11:56; கிழமை சனி. நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை. வேறு எந்தக் கிழமையாக இருந்திருந்தாலும் அந்த நேரத்தில் பிள்ளைகள் அந்த அறைகளுக்குள் இருந்திருப்பார்கள். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

மே மாதக் கடைசியில், மூங்கில் கம்பும் தார்ப்பாயும் தகரமும் கொண்டு போட்ட தற்காலிக வகுப்புகளில் பள்ளிகள் மீண்டும் திறந்தன. உலகெங்கிலுமிருந்து இளைஞர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். இடிபாட்டை அள்ளுவதற்கும் மணல் சுமப்பதற்கும் அந்தக் கைகள் உதவின. சுவர் எழுப்புவது வேறு. மண் சாந்தில் அடுக்கிய கல் சுவர் நிலம் குலுங்கும்போது உள்பக்கம், வெளிப்பக்கம் என இரண்டாகப் பிளந்து சரிகிறது. அதைத் தடுக்கச் சுவரின் முழுக் கனத்துக்கும் குறுக்கே ஓடும் நீளக் கற்களை இடையிடையே வைக்க வேண்டும்; சுற்றிலும் கிடைமட்டப் பட்டை ஓட்ட வேண்டும். இதைக் கற்ற நேபாளக் கொத்தனாருக்கு அந்த வேலையின் கூலி போய்ச் சேர்ந்தால், பள்ளியும் நிற்கும், வளைகுடா நாட்டுக்குப் போக இருந்த அவரும் ஊரில் நிற்பார். மலை மாவட்டங்களில் வேலை தேடிப் பலர் வெளியேறிவிட்டதால் பிள்ளைகள் குறைந்து பள்ளிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நிலை வந்திருக்கிறது. அங்கே ஒரு கொத்தனாரும் ஓர் ஆசிரியரும் ஊரில் தங்குவது சின்ன விஷயமில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்?

பதினெட்டு வயதில் கிளம்பிய ஒரு பெண்ணை இங்கே நினைக்கிறேன். நியூ ஜெர்சியைச் சேர்ந்த மேகி டாயின், 2005-ல் பள்ளி முடித்து ஓராண்டு சுற்றிவரலாம் என்று புறப்பட்டவர். இந்தியா வந்து, பிறகு நேபாளம் போனார். சுர்கேத் என்ற ஊரில், வறண்ட ஆற்றுப்படுகையில் ஒரு சிறுமி கல் உடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு சேர்த்த 5,000 டாலரை வீட்டிலிருந்து அனுப்பச் சொன்னார். அங்கே நிலம் வாங்கினார். முதலில் குழந்தைகள் இல்லம், 2010-ல் பள்ளி. 2015-ல் சிஎன்என் அவரை அந்த ஆண்டின் நாயகராகத் தேர்ந்தெடுத்தது. அவரிடம் நான் மதிப்பது அந்தப் பணத்தையோ விருதையோ அல்ல. அவர் அங்கேயே இருந்தார்; நேபாளிகளோடு சேர்ந்து அதை நடத்தினார். எல்லாப் பிள்ளைகளாலும் அப்படித் தங்க முடியாது, தேவையும் இல்லை. தங்க முடியாதவர்கள் தங்க முடியாதவர்களுக்கு உரிய வேலையைச் செய்ய வேண்டும்.

அந்த வேலை நிறைய இருக்கிறது. உள்ளூர் ஆசிரியர் வகுப்பை நடத்தட்டும். வெளியிலிருந்து வந்த பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, வாசிக்கத் தடுமாறும் ஒரு குழந்தையோடு எழுத்துக்கூட்டி வாசிக்கலாம். பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசலாம்; அவர்களுக்கு வயது ஒத்த ஒருவரோடு பேசிப் பழகும் வாய்ப்பு புத்தகத்தில் கிடைக்காது. நூலகப் புத்தகங்களுக்கு அட்டை போடலாம். கால்பந்து ஆடலாம். மாலையில், தங்கியிருக்கும் வீட்டு அம்மாவோடு புல் சுமக்கலாம். தட்டைத் தானே கழுவலாம். ‘தாய்’, ‘தீதீ’ என்று அண்ணன், அக்கா முறை சொல்லிக் கூப்பிடக் கற்றுக்கொள்ளலாம். அந்த ஒரு சொல்லால் விருந்தாளி வீட்டுப் பிள்ளையாகிவிடுவதை மலைக்குப் போனவர்கள் அறிவார்கள்.

கொண்டுபோகும் பொருளிலும் யோசனை வேண்டும். அமெரிக்கரான ஜான் வுட் 1998-ல் நேபாளத்தில் லம்ஜுங் மாவட்டத்தின் பாகுன்டாண்டா கிராமப் பள்ளிக்குப் போனபோது நூலகப் புத்தகங்கள் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. மலையேற வந்தவர்கள் படித்துவிட்டு விட்டுப்போன, பிள்ளைகளுக்குச் சற்றும் பொருந்தாத நாவல்கள் அவை. கிடைத்ததே அவ்வளவுதான் என்பதால் கிழிந்துவிடாமல் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பயணத்திலிருந்து பிறந்தது ‘ரூம் டு ரீட்’ அமைப்பு. முதலில் வெளியிலிருந்து புத்தகம் சுமந்து வந்தவர்கள், பின்னர் நேபாளி எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் கொண்டு குழந்தைகளின் மொழியிலேயே புத்தகம் அச்சிட்டார்கள். நம் பிள்ளை பெட்டி நிறையப் பழைய ஆங்கிலப் புத்தகம் சுமப்பதைவிட, காத்மாண்டு கடையில் நேபாளிக் கதைப் புத்தகம் வாங்கிப் போவது நல்லது.

பணமும் அப்படியே. அரசு ஆசிரியர் போதாத பள்ளிகளில், ஊரே பணம் திரட்டிக் குறைந்த சம்பளத்தில் உள்ளூர்ப் பட்டதாரிகளை நியமிக்கிறது. ஒரு பிள்ளையின் விமானச் செலவும் ஏற்பாட்டு நிறுவனத்தின் கட்டணமும் சேர்ந்தால், அப்படியோர் ஆசிரியரின் பல மாதச் சம்பளம். பத்துப் பிள்ளைகள் போவதாக இருக்கும் குழுவில் இருவர் மட்டும் போய், மற்ற எட்டுப் பேரின் செலவை அந்தச் சம்பளத்துக்குக் கொடுப்பது பற்றி எந்தப் பள்ளியாவது தன் மாணவர்களிடம் பேசிப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடப் பெரிய மனதுக்காரர்கள்.

நடைமுறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். நேபாளத்தின் சுற்றுலா விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. ஊதியம் இல்லாத வேலையும் அதில் அடங்கும். ‘எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள்’ என்று சொல்லும் ஏற்பாட்டாளரை நம்ப வேண்டாம். மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனால், இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. தலைவலியும் வாந்தியும் வந்தால் மேலே ஏறக் கூடாது, குறையாவிட்டால் இறங்கிவிட வேண்டும். அனாதை இல்லம் என்ற பெயர் இருந்தால் அந்தத் திட்டமே வேண்டாம். நேபாளத்து இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வெளிநாட்டு விருந்தினரின் நன்கொடைக்காகக் குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து வந்த கொடுமை அங்கே நடந்திருக்கிறது. பெற்றோர் வீட்டிலிருந்து தினமும் நடந்து வரும் பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றால் மட்டுமே போகட்டும். அங்கேயும் குழந்தைகளின் முகத்தைப் படம் பிடித்துப் பரப்ப வேண்டாம். நம் வீட்டுக் குழந்தையை முன்பின் தெரியாதவர் படமெடுத்து ஊரெல்லாம் காட்டினால் பொறுத்துக்கொள்வோமா?

ஆகவே, வெளிநாட்டுப் பள்ளித் தொண்டுக்குப் பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பணம் கட்டும் முன், ஏற்பாட்டு நிறுவனத்திடம் அந்தக் கிராமப் பள்ளித் தலைமையாசிரியரின் தொலைபேசி எண்ணை வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கொடுத்தால், சனிக்கிழமை பார்த்து அழையுங்கள். அன்று அவருக்கு வகுப்பு இருக்காது. என் பிள்ளை வருவது உங்களுக்கு உதவியா, சுமையா என்று கேளுங்கள். தேர்வு மாதத்தில் வர வேண்டாம், தசைன் பண்டிகை விடுமுறைக்குப் பிறகு வரட்டும் என்று அவர் சொல்லலாம். பிள்ளை வேண்டாம், கணக்கு ஆசிரியருக்குச் சம்பளம்தான் வேண்டும் என்றும் சொல்லலாம். அவர் என்ன சொல்கிறாரோ அதைச் செய்யுங்கள். அந்த அழைப்பைப் பேசும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.